ஐந்து விரல் மடங்கும் வரை

வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் அது விபத்து. ஒரு பாட்டு முடிந்துவிட்டது, அடுத்தது தொடங்கவில்லை, ஒலிவாங்கியும் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விநாடியில் எனக்கு வியர்க்கும். இரண்டாவது விநாடியில் கை தானாக ஏதாவது ஒரு பொத்தானைத் தேடும். மூன்றாவது விநாடி முடிவதற்குள் ஒரு நேயர் 'என்ன ஆச்சு?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார். எங்கள் தொழிலில் இதை 'டெட் ஏர்' என்போம். ஊடகப் பட்டப்படிப்பின் முதல் பருவத்திலேயே எங்கள் விரிவுரையாளர் இதை மண்டையில் ஏற்றிவிட்டார். எதையாவது சொல்லி நிரப்பு. நேரம் சொல், வெயிலைப் பற்றிச் சொல், மௌனத்தை மட்டும் விட்டுவிடாதே.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறேன். அந்தப் பழக்கம் என் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க, எனக்கு ஒரு பாலர் பள்ளித் தமிழாசிரியை தேவைப்பட்டார்.

சென்ற ஆண்டு என் மகள் படிக்கும் பாலர் பள்ளியில் பெற்றோர் வந்து கதை வாசிக்கும் வாரம் ஒன்று வைத்தார்கள். "காலையில காரில் உங்க குரலைத்தானே கேட்டுக்கிட்டு வர்றோம், தமிழ் வகுப்புக்கு நீங்க வாங்க சார்" என்றார் ஆசிரியை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றில் விழுந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய படப் புத்தகத்தை நூலகத்தில் இரவல் வாங்கி, இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். ஆட்டுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தத்துக்கு இன்னொன்று.

பாயில் பதினொரு பிள்ளைகள். ஐந்து வயதுக்காரர்கள். பதினைந்து நிமிடம் வாசித்தேன். யாரும் அசையவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். என் மகளும் பெருமையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நிகழ்ச்சி வெற்றி என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

வாசல்வரை வந்த ஆசிரியை கேட்டார்: "ரொம்ப நல்லா வாசிச்சீங்க சார். பிள்ளைங்க எத்தனை வார்த்தை பேசுனாங்கன்னு கவனிச்சீங்களா?"

யோசித்தேன். "ஒண்ணுகூட இல்லையே."

"மூணு," என்றார் அவர் சிரித்தபடி. "'டீச்சர், பாத்ரூம் போகணும்.'"

அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். வாசிக்க வேண்டாம், பின்னால் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார்.

அதே புத்தகம், வேறு வகுப்பு

அவர் அதே ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை எடுத்தார். அட்டையைக் காட்டினார். தலைப்பை வாசிக்கவில்லை. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மௌனம். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. யாராவது எதையாவது சொல்லுங்களேன் என்றிருந்தது. ஆசிரியையோ அமைதியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பிடித்திருந்த கையின் பின்பக்கம் எனக்கு மட்டும் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவது விரல் மடங்கும் முன்பு, சிவப்புக் காலுறை போட்ட ஒரு பையன் கிணற்றைக் காட்டிச் சொன்னான்: "ஸ்விம்மிங் பூல்."

நானாக இருந்தால் "இல்லப்பா, இது கிணறு" என்று திருத்தியிருப்பேன். அவர், "ஆமா, நீச்சல் குளம் மாதிரியே தண்ணி இருக்கு. வட்டமா இருக்கு. ஆழமா இருக்கு. வாளி விட்டு இதிலேருந்து தண்ணி எடுப்பாங்க. இது கிணறு" என்றார். பையன் தனக்குள் 'கிணறு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பக்கத்திலிருந்த பெண், "ஆடு உள்ள விழுந்துடும்" என்றாள். ஒரு முழுத் தமிழ் வாக்கியம். கதை இன்னும் தொடங்கவேயில்லை.

அன்று அவர் அந்தப் புத்தகத்தில் நான்கு பக்கம்தான் தாண்டினார். மீதி அடுத்த வாரத்துக்கு. நான் பதினைந்து நிமிடத்தில் வாசித்து முடித்த புத்தகம் அந்த வகுப்பில் ஒரு மாதம் ஓடியது. இரண்டாம் வாரம் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கதை சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஆட்டுக்குட்டியின் படத்தை வரைந்து, அது என்ன சொல்கிறது என்று ஆசிரியையிடம் சொல்ல, அவர் அதை அவர்கள் கண்முன்னே எழுதினார். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் எழுத்தாக நிற்பதை ஒரு குழந்தை முதன்முதலாகப் பார்க்கும் முகத்தை நான் அங்கேதான் கண்டேன்.

இது அவருடைய சொந்தக் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன். அதில் கொஞ்சம் படிப்பும் இருக்கிறது என்றார். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் நேரத்தை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1988ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் படப் புத்தகத்தை வைத்துச் சோதித்தார்கள். பெற்றோர் வெறுமனே வாசிப்பதை விட்டுவிட்டு, கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை எடுத்து நீட்டிச் சொன்னபோது, சில வாரங்களிலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு வளர்ந்திருந்தது.

ஒரு விநாடி, மூன்று விநாடி. என் தொழிலில் மூன்று விநாடி என்றால் விபத்து. அந்தப் பாயில் பிள்ளைகள் பேசத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

நான் அளந்து பார்த்தேன்

வீட்டில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஊருக்கெல்லாம் தமிழ் பேசுகிறவனின் மகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது 32.3 விழுக்காடு. நானும் அந்தக் கணக்கைக் காட்டி, 'காலம் அப்படி, பள்ளி அப்படி, கார்ட்டூன் அப்படி' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன்.

அந்த வியாழக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில் கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டேன். மறுநாள் காலை நிகழ்ச்சி முடிந்ததும், நேர்காணல்களை வெட்டி ஒட்டும் அதே மென்பொருளில் அதைப் போட்டுப் பார்த்தேன். திரையில் குரல் அலைகளாகத் தெரியும். மௌனம் நேர்கோடாகத் தெரியும். என் வீட்டுப் பதிவில் நேர்கோடே இல்லை.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சாப்பிட்ட?" என்று தமிழில் கேட்கிறேன். அடுத்த நொடியே அதை ஆங்கிலத்தில் கேட்கிறேன். அதற்கும் பதில் வருவதற்குள் "நூடல்ஸா?" என்கிறேன். அவள் "யா" என்கிறாள். இப்படியே பதினோரு கேள்வி. என் தமிழ்க் கேள்விக்கும் நானே போட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் நடுவில் இருந்த நேரத்தை அளந்தேன். ஒன்றில்கூட ஒரு விநாடி முழுசாக இல்லை. தமிழைத் தேடி எடுப்பதற்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான்தான் கொடுக்கவில்லை.

அந்தப் பதிவுக்குப் பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. சொற்கள்தான் தாமதமாக வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசூனில் அண்ணன் வீட்டில் கூடுவோம். அம்மா "அந்த... அந்த..." என்று தொடங்கியதும் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்போம். "சாவியா? மாத்திரையா? கண்ணாடியா?" அம்மா ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தோம். மகளும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்களே தவிர, பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

பாட்டும் கைத்தட்டும்

அதன்பிறகு தொண்டூழியராக மாதம் இரண்டு வியாழன் அந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். கதைக்கு முன்பு அங்கே பாட்டு நேரம். பாட்டை ஏன் முதலில் வைக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் அட்டவணையாகச் சுவரில் மாட்டிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கு மலைப்புதான் வரும். பாட்டில் ஓசை முன்னே வருகிறது, எழுத்து பின்னால் வருகிறது. மோனை, எதுகை என்று நாம் உயர்நிலைப் பள்ளியில் பயந்து பயந்து படித்ததெல்லாம், இந்தப் பிள்ளைகளுக்கு 'ஒரே சத்தத்தில் தொடங்கும் சொல்லைப் பிடி' என்ற விளையாட்டு.

சொற்களுக்குக் கைதட்ட வைப்பார். அம்-மா: இரண்டு தட்டு. பட்-டம்: இரண்டு தட்டு. பிறகு பலகையில் எழுதி எழுத்தை எண்ணச் சொல்வார். 'அம்மா'வில் மூன்று எழுத்து, 'பட்டம்' சொல்லில் நான்கு எழுத்து. தட்டு மட்டும் இரண்டிலும் இரண்டு. ஏன்? இதற்கும் அவர் பதில் சொல்ல மாட்டார், விரல்தான் மடங்கும். மூன்றாவது வாரம் சிவப்புக் காலுறைப் பையன் கண்டுபிடித்துவிட்டான்: "டாட் வச்ச எழுத்துக்குத் தட்டு இல்ல!" மெய்யெழுத்துக்குத் தனியாக அசை இல்லை என்பதை அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தான். அன்று முழுக்க 'மின்தூக்கி'க்குத் தட்டிக்கொண்டே திரிந்தான். ஐந்து எழுத்து, மூன்று தட்டு.

அந்த மின்தூக்கியே அவர்களுடைய சொந்தப் பாட்டாகவும் ஆனது. ஆசிரியை முதல் அடியைத் தொடங்கிவைத்தார். மற்றதெல்லாம் பிள்ளைகள் கொடுத்தது:

மின்தூக்கி வந்துச்சு
மெல்லக் கதவு திறந்துச்சு
பாட்டி உள்ளே போனாங்க
பத்தாம் மாடி ஆனாங்க!

பத்தாம் மாடிக்குப் போனார்கள் என்றுதான் வந்திருக்க வேண்டும். 'போனாங்க'வுக்கு இணையாக ஒரு சொல் தேடி ஒரு பெண் 'ஆனாங்க' என்று போட்டுவிட்டாள். பாட்டியே பத்தாம் மாடியாக மாறிவிட்டதில் வகுப்பே உருண்டு சிரித்தது. அப்படியே இருக்கட்டும் என்று பலகையில் எழுதிவிட்டார் ஆசிரியை.

எனக்கு உறுத்தியது. செய்தி வாசித்துப் பழகிய வாய். "வந்துச்சு, போனாங்கன்னு எழுதலாமா டீச்சர்? வந்தது, போனார்னு இருக்கணுமே?" என்றேன்.

"புத்தகத்துல 'வந்தது'ன்னுதான் வாசிக்கிறோம் சார். அது அவங்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. ஆனா பிள்ளை தன் வாயால சொன்னதை நான் மாத்தி எழுதினா, அது என்னோட பாட்டு ஆயிடும்," என்றார். வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. இரண்டும் நம்முடையவை என்று ஒரு குழந்தைக்குப் புரிய வைக்க, படப் புத்தகத்தையும் இந்த மின்தூக்கிப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்ன பிள்ளையையும் அவர் நிறுத்தித் திருத்தியதில்லை. "ஆமா, மஞ்சள் வாழைப்பழம்" என்று தெளிவாகத் திருப்பிச் சொல்வார். அடுத்த பாட்டில் வேண்டுமென்றே நான்கு ழகரம் வரும்.

ஒருநாள் பேருந்தில் திரும்பும்போது எனக்கு எங்கள் பழைய வீவக வீட்டின் சமையலறைச் சன்னல் நினைவுக்கு வந்தது. அம்மா தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் அவருக்கு மனப்பாடம். மூங்கில் கழியில் துணி மாட்டும்போது பாடுவார். நான் துணி கவ்விகளை எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திவிடுவார். நான் அதைச் சொன்னால்தான் அடுத்த சட்டை கழியில் ஏறும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நிற்பார்.

வீட்டில் செய்து பார்க்க

இதைப் படிக்கும் பலருக்கு என்னைப்போலவே நேரம் குறைவு. நல்ல செய்தி என்னவென்றால் இதற்குப் பத்து நிமிடம் போதும். எங்கள் வீட்டில் பலித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

புத்தகம் எடுக்கும்போது ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கு மேல் இல்லாததாகப் பாருங்கள். படத்தில் நிறைய நடக்க வேண்டும். நம் பொது நூலகங்களில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இருக்கின்றன. குழந்தையே அலமாரியிலிருந்து எடுக்கட்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் நம் பிள்ளைகளுக்கு ஏற்ற படப் புத்தகங்களை வெளியிட்டுவருகிறது. ஆங்கிலமும் தமிழும் ஒன்றாக உள்ள இருமொழிப் புத்தகங்களும் அவற்றில் உண்டு; தமிழில் தயங்கும் பெற்றோருக்கு அவை கைகொடுக்கும். பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம்.

முதல் நாள் வாசிக்காதீர்கள். படங்களை மட்டும் புரட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். 'இது என்ன நிறம்?' என்பதைவிட 'அடுத்து என்ன ஆகும்?' நல்ல கேள்வி. கேட்டுவிட்டு ஐந்து விரலை மடக்குங்கள். ஆங்கிலத்தில் பதில் வந்தால் கோபம் வேண்டாம். அதையே தமிழில், ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். ஒரே புத்தகத்தை ஏழாவது முறை கேட்டால் ஏழாவது முறையும் வாசியுங்கள்.

பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள். அவர்கள் நிரப்பட்டும். இரண்டு ஏ4 தாளை மடித்து நடுவில் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பிள்ளை வரையட்டும், சொல்லட்டும். சொன்னபடியே நீங்கள் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படி ஆறு புத்தகம் சேர்ந்திருக்கிறது. ஒன்றின் பெயர் 'பூனை பஸ்ல ஏறல'.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் விரல் மடங்கி மடங்கி வலித்ததுதான் மிச்சம். இன்றும் சோர்வாக இருக்கும் நாளில் மகள் ஆங்கிலத்துக்குத்தான் போகிறாள், நானும் போகிறேன். ஆனால் ஓர் இரவு அவள் என் கையைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்: "ஏன்ப்பா விரலை மடக்குறீங்க?" அவளாகக் கேட்ட முழுத் தமிழ்க் கேள்வி.

"நீ யோசிக்கிறேல்ல, அதுவரைக்கும் நான் பேசக் கூடாது. அதுக்குத்தான்," என்றேன்.

இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, ஈசூனுக்கு அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை அவளே எடுத்துவந்தாள். பாட்டி பக்கத்தில் சோபாவில் ஏறி உட்கார்ந்து, கிணற்றுப் பக்கத்தைத் திறந்தாள். கயிறு ஓடும் சக்கரத்தின் மேல் விரலை வைத்தாள்.

"பாட்டி, மேல வட்டமா இருக்கே, இது என்ன?"

அம்மா புத்தகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. "அந்த... அந்த..."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சொல் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். மகள் என்னை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

"அப்பா, பாட்டி யோசிக்கிறாங்க."

உயர்த்திய கையை மடியில் வைத்து விரல்களை மடக்க ஆரம்பித்தாள். ஐந்தும் மடங்கிவிட்டன. அடுத்த கையை எடுத்தாள். ஆறு. ஏழு. அண்ணன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். எட்டு.

"ராட்டினம்," என்றார் அம்மா.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவே தொடர்ந்தார். "எங்க கம்பத்துல... கிணத்துல... இருந்துச்சு. கிரீச்சுனு... சத்தம்."

"கம்பம்னா என்ன பாட்டி?" என்று கேட்டுவிட்டு, மகள் மறுபடியும் முதல் விரலை மடக்கினாள்.